லேப்டாப் திரை மாற்ற மாடல் பெயர் போதாது

“அண்ணே, லேப்டாப் டிஸ்ப்ளே உடைஞ்சுபோச்சு, எவ்ளோ ஆகும்?” கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ புதுச்சேரி காமராஜர் சாலையிலோ எந்த சர்வீஸ் கடைக்குப் போன் போட்டுக் கேட்டாலும், திரும்பி வரும் முதல் கேள்வி “என்ன மாடல்?” என்பதுதான். மாடலைச் சொன்னதும் ஒரு தொகை சொல்வார்கள், நாமும் சரி என்போம். தப்பான திரை வந்து சேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஒரே மாடல் பெயரில் விற்ற லேப்டாப்பிலேயே ஒன்றில் சாதா எச்டி திரை, இன்னொன்றில் ஃபுல் எச்டி, மற்றொன்றில் டச் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். பேனல் எனப்படும் திரையைத் தயாரிப்பதும் பொதுவாக லேப்டாப் கம்பெனி கிடையாது. பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி டிஸ்ப்ளே போன்ற சில பேனல் கம்பெனிகள்தான் பெரும்பாலான பிராண்டுகளுக்கும் செய்து தருகின்றன. மாற்ற வேண்டிய பொருள் எது என்று உறுதியாகச் சொல்வது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண்.

அதற்கும் முன்னால், போனது பேனல்தானா என்று பார்த்துவிட வேண்டும்.

விரிசல் கண்ணுக்குத் தெரிந்தால் சந்தேகமே இல்லை. எல்சிடி என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், நடுவில் திரவப் படிகம். தகட்டில் விரிசல் விழுந்தால் உள்ளே இருப்பது கலைந்து, மை கொட்டியது போலக் கருப்பு பரவும். கண்ணாடிமேல் ஓடும் நுண்ணிய மின்தடங்கள் அறுந்த இடத்திலிருந்து கோடு கோடாக நிறம் வரும். இதற்கு ஒட்டுவேலை கிடையாது. “செல்போன் மாதிரி மேல் கண்ணாடியை மட்டும் மாத்தலாமா?” என்று பலரும் கேட்கிறார்கள். டச் இல்லாத சாதாரண லேப்டாப்பில் மேல் கண்ணாடி என்று தனியாக எதுவும் கிடையாது. உடைந்தது எல்சிடியேதான்.

விரிசல் இல்லாமல் கோடு, மினுக்கல், முழு இருட்டு என்றால் அவசரப்பட்டுப் பேனல் வாங்க வேண்டாம். வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ வயரை மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் படம் தானாக வந்துவிடும். வராவிட்டால் விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் (P) சேர்த்து அழுத்தி மாற்றலாம். டிவியிலும் அதே கோடு வந்தால் கோளாறு மதர்போர்டில். டிவியில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் பேனலோ அதற்குப் போகும் கேபிளோதான். அப்புறம் மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். குறிப்பிட்ட சாய்வில் கோடு வந்து இன்னொரு சாய்வில் மறைந்தால், ஹிஞ்ச், அதாவது மூடி மடங்கும் கீல் பக்கத்தில் மடிந்து மடிந்து நைந்த கேபிள் மேல்தான் முதல் சந்தேகம். பேனலின் விலையைப் பார்க்கும்போது கேபிள் ஒன்றுமே இல்லை. திரை இருட்டாக இருந்தால் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும்தான் போயிருக்கிறது. டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. ஆஃப் செய்துவிட்டு, டி (D) எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பொத்தானைத் தட்டினால் திரை முழுதும் ஒவ்வொரு நிறமாக வரும். அதிலும் கோடு விழுந்தால் பேனல் பக்கமே கோளாறு.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஸ்டிக்கர் இருப்பது பேனலின் பின்புறம், பார்க்க வேண்டுமென்றால் பெசலை, அதாவது திரையைச் சுற்றியுள்ள சட்டத்தைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமலும் ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி சிதறியிருந்தாலும் பேனலின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டு உயிரோடிருந்தால், அது தன் அடையாளத்தை லேப்டாப்புக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். டிவியை மாட்டிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் போய், உள் திரையின் ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ் பாருங்கள். அதில் பிஓஇ, ஏயூஓ, எல்ஜிடி என்று இருந்தால் கம்பெனி தெரிந்துவிட்டது. சிஎம்என் என்றால் இன்னோலக்ஸ். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மாதிரி இலவச மென்பொருளில் பல சமயம் பேனலின் முழு எண்ணே வரும்.

அந்த எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால் கடைக்காரர் சொல்வது சரியா என்று நமக்கே தெரியும். என்156பிஜிஏ (N156BGA) என்றால் இன்னோலக்ஸ், 15.6 அங்குலம், 1366 × 768 எச்டி. என்156எச்சிஏ (N156HCA) அதே அளவில் ஃபுல் எச்டி ஐபிஎஸ், அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை. பிஓஇ-யில் என்டி156டபிள்யூஎச்எம் (NT156WHM) என்பது சாய்த்துப் பார்த்தால் வெளுக்கும் டிஎன் வகை எச்டி, என்வி156எஃப்எச்எம் (NV156FHM) என்பது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஃபுல் எச்டி. ஏயூஓ-வில் பி156எக்ஸ்டிஎன் (B156XTN) எச்டி, பி156எச்டிஎன் (B156HTN) ஃபுல் எச்டி ஆனாலும் டிஎன், பி156எச்ஏஎன் (B156HAN) ஃபுல் எச்டி ஐபிஎஸ் ரகம். “ஃபுல் எச்டி போட்டுத் தர்றேன்” என்று சொல்லி டிஎன் பேனலை மாட்டினால், எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் வெளுத்துப்போகும். வாங்குவதற்கு முன் எண்ணைக் கேட்க இந்த ஒரு காரணம் போதும்.

எண் பொருந்தாவிட்டாலும் வேறு கம்பெனிப் பேனல் போடலாம், தவறில்லை. அப்போது பார்க்க வேண்டியவை: அளவு, ரெசல்யூஷன், கேபிள் மாட்டும் கனெக்டரில் உள்ள பின்களின் (சிறு உலோக முனைகளின்) எண்ணிக்கை, கனெக்டர் இருக்கும் இடம், பிராக்கெட். 2013 வாக்கில் வந்த லேப்டாப்புகள் வரை எல்விடிஎஸ் என்ற பழைய சிக்னல் முறையில் பெரும்பாலும் 40 பின் இருக்கும். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் இடிபி என்ற புதிய முறை. 60 ஹெர்ட்ஸ் எச்டி, ஃபுல் எச்டி என்றால் 30 பின். டச் பேனலுக்குள்ளேயே சேர்ந்திருந்தாலோ, 120, 144 ஹெர்ட்ஸ் கேமிங் திரையாக இருந்தாலோ, 4கே ஆக இருந்தாலோ 40 பின். எல்விடிஎஸ் 40 பின்னும் இடிபி 40 பின்னும் வேறு வேறு. எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி மாட்டக் கூடாது. பிராக்கெட் என்பது ஸ்குரூ போடும் காது. சில பேனலில் மேலும் கீழும் இருக்கும், சிலவற்றில் பக்கவாட்டில், புதிய மெல்லிய மாடல்களில் காதே இல்லாமல் டேப்பில் ஒட்டியிருக்கும். 15.6 அங்குலத்திலேயே பழைய வகை பேனல் சுமார் 36 செ.மீ. அகலம், ஓரம் குறுகிய புதிய வகை சுமார் 35 செ.மீ. அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் மூடிக்குள் உட்காரவே உட்காராது.

உடைந்ததுதான் உடைந்தது, எச்டியிலிருந்து ஃபுல் எச்டிக்கு மாறிவிடலாமே என்ற ஆசை நியாயமானதுதான். இரண்டுமே 30 பின்னாக இருக்கும், சரியாக மாட்டவும் செய்யும், படம் மட்டும் பல சமயம் வராது. காரணம் கேபிள். 1366 × 768 திரைக்குத் தேவையான தகவல் இடிபி-யில் ஒரே ஒரு லேனில், அதாவது ஒரு ஜோடிக் கம்பியில் போய்விடும். விநாடிக்கு 2.7 கிகாபிட் ஓடும் லேனில் உண்மையில் பயன்படுவது 2.16 கிகாபிட். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டிக்கு அது பற்றாது, இரண்டு லேன் வேண்டும். காசை மிச்சப்படுத்த, பல எச்டி மாடல்களின் கேபிளில் ஒரு லேனுக்கான கம்பியை மட்டுமே போட்டிருப்பார்கள். ஆகவே அதே லேப்டாப்பின் ஃபுல் எச்டி வகைக்கு வரும் கேபிளையும் சேர்த்து வாங்கினால்தான் மேம்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது. கேபிள் கிடைக்காவிட்டால் பழைய ரெசல்யூஷனிலேயே போவது நல்லது.

கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் அடிக்கடி ஓடும் 14, 15.6 அங்குல 30 பின் பேனல்கள் கடைகளில் இருப்பில் இருக்கும். மற்றவை சென்னை ரிச்சி தெருவிலிருந்துதான் வரவேண்டும், பார்சலில் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். விலை சுமாராக எச்டிக்கு 3,000 முதல் 4,500 ரூபாய், ஃபுல் எச்டி ஐபிஎஸ் 4,500 முதல் 7,500, மாட்டும் கூலி 500 முதல் 1,000. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. இதைவிட ரொம்பக் குறைவாக யாராவது சொன்னால் அது பெரும்பாலும் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய பேனலாகவோ, கீறிய மேல் படலத்தை உரித்துப் புதிது ஒட்டிய பேனலாகவோ இருக்கும். கழற்றிய பேனல் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பழையது என்று சொல்லி அதற்குத் தக்க விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம், புதிது என்று சொல்லிக் கொடுப்பதுதான் தப்பு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேனல் ஸ்டிக்கரின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய பேனலைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி வாரன்டி இன்னும் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், உடைந்த திரைக்குச் சாதாரண வாரன்டி பொருந்தாது. விபத்துப் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் உண்டு.

கழற்றி மாட்டும் வேலை

வீட்டிலேயே செய்ய வேண்டுமானால் பிஎச்0, பிஎச்00 (PH0, PH00) அளவில் கூட்டல் குறி முனை ஸ்குரூடிரைவர், நெம்புவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் பிக் அல்லது பழைய ஏடிஎம் கார்டு, மெல்லிய டுவீசர், செல்லோடேப், ஒரு துண்டு போதும். உடைந்த திரைமேல் முதலில் செல்லோடேப்பை வரிசையாக ஒட்டிவிடுங்கள். கழற்றும்போது பேனல் வளையும், சில்லு தெறிக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை பேட்டரியைத் துண்டிப்பது. லேப்டாப்பை ஸ்லீப்பில் விடாமல் முழுசாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, அடி மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை மதர்போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு பவர் பொத்தானை 15, 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். “ஆஃப்தானே பண்ணியிருக்கு” என்று இதைத் தவிர்ப்பவர்கள்தான் மதர்போர்டையும் சேர்த்துச் சாகடிக்கிறார்கள். பேனல் கனெக்டரில் படத்துக்கான சிக்னல், போர்டுக்கான 3.3 வோல்ட், பேக்லைட்டுக்கான மின்சாரம் மூன்றும் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பேக்லைட்டுக்கு வருவது லேப்டாப்பின் மெயின் லைன், சார்ஜர் மாட்டியிருந்தால் 19 வோல்ட் வரை. பிளக் கொஞ்சம் கோணலாக நுழைந்தால் அது பக்கத்துப் பின்னைத் தொடும். அதிர்ஷ்டம் இருந்தால் மதர்போர்டில் உள்ள எள் அளவு பேக்லைட் ஃபியூஸ் மட்டும் போகும். இல்லாவிட்டால் சிக்னல் தரும் சிப்புக்கே கேடு. புதுத் திரை மாட்டியதும் டார்ச் வெளிச்சத்தில் மட்டும் படம் தெரிகிறது என்று வரும் கேஸ்களில் கணிசமானவை இந்த ஃபியூஸ்தான். சிப் லெவல் வேலை செய்பவரால் அதை மாற்ற முடியும்.

அடுத்து பெசல். கடைகளில் பி பேனல் என்பார்கள். பழைய மாடல்களில் ரப்பர் மூடிக்கடியில் ஸ்குரூ இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். பிறகு மேல்பக்கம் நடுவில், உள்விளிம்பில் விரல் நகத்தை விட்டு வெளிப்புறமாக நெம்பினால் ஒவ்வொரு கிளிப்பாக விடும். கேமரா இருக்கும் இடத்தில் மெதுவாக. கீழ்ப்பக்கம் ஹிஞ்ச் மூடியோடு சேர்ந்திருக்கும், அதைக் கடைசியில் எடுங்கள். டேப்பில் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டினால் இளகும்.

பிராக்கெட் உள்ள பேனலென்றால் நாலு ஸ்குரூ. கழற்றியதும் பேனலை இழுத்துவிடாதீர்கள், பின்னால் கேபிள் இருக்கிறது. கீபோர்டுமேல் துண்டை விரித்து, திரையை முகம் குப்புறப் படுக்க வையுங்கள். டேப் வகையென்றால் இரு பக்கமும் கீழே சின்ன வால் நீட்டியிருக்கும். அதை டுவீசரால் பிடித்து, தீக்குச்சியில் சுற்றிக்கொண்டே, பேனலுக்கு இணையாக மெதுவாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கொஞ்சம் சூடு காட்டி, நைலான் நூலை இடையில் விட்டு அறுத்து எடுக்கலாம்.

இப்போது கனெக்டர். அதன் மேலுள்ள ஒளி ஊடுருவும் டேப்பை உரியுங்கள். பெரும்பாலான 30 பின் கனெக்டரில் மெல்லிய கம்பி வளையமோ தகடோ பூட்டாக இருக்கும். நகத்தால் அதை நிமிர்த்திவிட்டு, பிளக்கைப் பேனலின் மேற்பரப்போடு ஒட்டியபடி கேபிள் வரும் திசையில் நழுவவிட்டு எடுக்க வேண்டும். மேலே தூக்கினால் சாக்கெட்டே பெயர்ந்து வரும். கேபிளின் வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் இரு ஓரத்தையும் பிடியுங்கள்.

புதுப் பேனலைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: கனெக்டர் அதே மூலையில் இருக்கிறதா, அடியில் உள்ள சர்க்யூட் போர்டு பழையதில் பின்னால் மடங்கியிருந்தால் இதிலும் மடங்கியிருக்கிறதா. பிளக்கை நேராக வைத்து முழுசாக உள்ளே தள்ளி, பூட்டைச் சாய்த்து, டேப் ஒட்டுங்கள். பாதி நுழைந்த பிளக்கினால் வெள்ளைத் திரையும் வரும், இருட்டும் வரும், நிறம் மாறியும் வரும்.

ஸ்குரூ போடாமல், பாதுகாப்புப் படலத்தையும் உரிக்காமல், பேட்டரியை மாட்டி ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையாக ஒவ்வொரு நிறமும் போட்டால் செத்த பிக்சல் தெரிந்துவிடும். இருட்டறையில் கருப்பைப் போட்டால் ஓரத்தில் வெளிச்சக் கசிவு தெரியும். பிரைட்னஸைக் கூட்டிக் குறையுங்கள். படலம் உரியாத பேனலைத்தான் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுப்பார். எல்லாம் சரி என்றால் மறுபடி ஆஃப் செய்து, பேட்டரியை மறுபடி துண்டித்து, அதன் பிறகே பொருத்துங்கள். கேமரா வயரும், கருப்பு வெள்ளை வைஃபை ஆன்டெனா வயர்களும் அவற்றுக்கான தடத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பேனலுக்குப் பின்னால் வயர் மாட்டிக்கொண்டால், அந்த இடத்தில் திரையில் வெளிறிய புள்ளி தெரியும், நாளடைவில் அங்கிருந்தே விரிசலும் விடும்.

மேல் கண்ணாடியோடு ஒட்டிய டச் திரைகளையும், மடக்கித் திருப்பும் மாடல்களையும், மேக்புக்கையும் வீட்டில் தொட வேண்டாம். மேக்புக்கில் மூடியோடு சேர்த்து முழு அசெம்பிளியாகத்தான் மாற்றுகிறார்கள்.

எங்கிருந்து உடைந்தது?

வேலை முடிந்தது என்று நினைக்கும் பலர் பார்க்க மறப்பது இதைத்தான். பழைய பேனலைக் கையில் எடுத்து விரிசல் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். நடுவில் நட்சத்திரம் போலச் சிதறியிருந்தால் அழுத்தம்: கீபோர்டுமேல் பேனாவோ இயர்போனோ இருந்து மூடியிருப்பார்கள், அல்லது பையில் நெருக்கியிருக்கும். மேல் விளிம்பில் நடுவிலிருந்து கிளம்பினால், கேமராமேல் ஒட்டிய தடித்த மூடி காரணமாக இருக்கலாம். கீழ் மூலையில், ஹிஞ்ச் பக்கத்திலிருந்து கிளம்பினால் திரையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஹிஞ்ச் இரும்பு. அதைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதித்த பித்தளை நட்டுகள். கிரீஸ் காய்ந்து ஹிஞ்ச் இறுகினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயரும். கடைசியில் மூடியின் மூலை புடைத்து, இரும்புக் கை பேனலின் கீழ்மூலையை உள்ளிருந்து தள்ளும். புதுத் திரையும் அதே மூலையில்தான் உடையும். பெசல் திறந்திருக்கும்போதே ஹிஞ்ச் முனையில் உள்ள நட்டைக் கால் திருகு தளர்த்துங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு கையால் மூடியைத் தூக்கும்போது அடிப்பாகம் கூடவே எழும்பக் கூடாது, விட்ட சாய்வில் மூடி நிற்கவும் வேண்டும். பெயர்ந்த நட்டுகளை இரண்டு டியூப் அரால்டைட் கலந்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்கலாம். ஃபெவிக்விக்கும் சோடா மாவும் போட்டுச் சட்டென்று இறுக்குவது கடைகளில் சகஜம். அது கல்லாக இறுகும், ஆனால் சட்டென்று நொறுங்கும், அதன் ஆவி பட்டால் திரைமேல் வெள்ளை படியும். என்னைக் கேட்டால், ஏ பேனல் எனப்படும் மேல்மூடி கிடைக்கும் மாடலுக்கு அதையே புதிதாக மாற்றிவிடுவது மேல்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று கனெக்டரில் ஏறி, பின்களில் பச்சை பூக்கும். கோடு வருகிறது என்று கொண்டுவரும் லேப்டாப்பில் பேனலும் கேபிளும் நன்றாகவே இருந்து, பிளக்கை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து மாட்டியதும் சரியாவதுண்டு. பேனல் வாங்கும் முன் அதையும் செய்து பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அப்படி நனைந்த லேப்டாப்பில் திரைக்குள் மேகம் போல் திட்டுகள் தங்கிவிடும். பேக்லைட்டைப் பரப்பும் வெள்ளைத் தாள்களுக்கு நடுவே நீர் புகுந்த கறை அது. காய்ந்தாலும் போகாது, பேனலைத்தான் மாற்ற வேண்டும். அத்தோடு மதர்போர்டையும் சுத்தம் செய்யாமல் விட்டால் புதுப் பேனலுக்கும் ஆபத்து.

பல வீடுகளில் 2011-க்குப் பிறகு தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் திரை உடைந்தால் பேனல் விலையே லேப்டாப்பின் விலையை நெருங்கிவிடும். அப்போது நான் சொல்வது, எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வழியாகப் பழைய மானிட்டரை மாட்டி மேசைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். உடைந்த மூடியை முழுசாகக் கழற்றிவிடலாம் என்று தோன்றும். வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் அந்த மூடிக்குள், திரையின் மேல்விளிம்பில்தான் இருக்கிறது. மூடி போனால் சிக்னலும் பக்கத்து அறையோடு நின்றுவிடும். பேனலை மட்டும் எடுத்துவிட்டு வெறும் மூடியை அப்படியே விடுங்கள். மூடியே நொறுங்கிப்போயிருந்தால் ஒரு சின்ன யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம்.